«உனக்கு இதுவே பெரிசு» எண்டு கேட்டுப் பழகின பெண்களுக்கு: உறவில அளவுகோல் வைக்கிறது எப்படி?

பூவரசு

வன்னியில ஒரு பெண்ணின்ர பெறுமதியைக் குறைக்க எப்பவும் ஒரு காரணம் தயாரா இருக்கு. காணி இல்லை. தகப்பன் இல்லை. காலில செல் (எறிகணை) காயம். போருக்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில இருந்து வந்தவள். புருசன் காணாமல் போனவர். வயசு முப்பத்திரண்டு. காரணம் எதுவெண்டாலும் பின்னால வாற வசனம் ஒண்டுதான்: "உனக்கு இதுவே பெரிசு." அந்த வசனத்தை மனசுக்குள்ள ஏத்துக்கொண்ட பெண், கேட்க வேண்டியதைக் கேட்கிறதை நிப்பாட்டிப்போடுவாள். குடிக்கிறவரோ, கடன் எவ்வளவு, முன்னம் எழுத்து (பதிவுத் திருமணம்) ஏதும் நடந்ததோ எண்டு ஒண்டையும் கேளாள். கேட்டால் வந்த சம்பந்தமும் போயிடும் எண்ட பயம்.

இந்த இழையில ஆறுதல் வார்த்தை வேண்டாம். செய்யக்கூடியதை எழுதுவம்.

முதல் வேலை ஒரு கொப்பியில எழுதுறது. ஒரு பக்கத்தில விருப்பங்கள்: படிச்சிருந்தால் நல்லம், கிளிநொச்சிக்குள்ள எண்டால் நல்லம், சாந்தமான குணம். மற்றப் பக்கத்தில விட்டுக்குடுக்க ஏலாதவை. இது நாலு, அஞ்சுக்கு மேல போகக்கூடாது. பதினைஞ்சு எழுதினால் பதினைஞ்சையும் காப்பாற்ற ஏலாது. ஒண்டு விழ மற்றதும் தானா விழும்.

பிழைக்கிற இடம் எழுதுற விதத்தில. "என்னை மதிக்க வேணும்" எண்டு எழுதினால் அதை ஒருநாளும் அளக்க ஏலாது. அவர் "நான் மதிக்கிறன்தானே" எண்டு சொன்னால் கதை முடிஞ்சுது. பக்கத்து வீட்டு ஆள் பார்த்தாலும் நடந்ததோ இல்லையோ எண்டு சொல்லக்கூடிய மாதிரி எழுத வேணும். "ஆக்களுக்கு முன்னால என்னை ஏசக்கூடாது." "என்ர சம்பளம் என்ர கணக்குக்கு வரும்." "அம்மாவைப் பார்க்கப் போக அனுமதி கேளன், சொல்லிப்போட்டுப் போவன்." "ஒருதரம் கை நீட்டி அடிச்சாலும் அதோட முடிஞ்சுது." இப்பிடி.

ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில, அது மீறப்பட்டால் நான் என்ன செய்வன் எண்டும் எழுதுங்கோ. "அவர் திருந்த வேணும்" எண்டது நான் செய்யிற வேலை இல்லை. நாளைக்கே செய்யக்கூடியதா இருக்க வேணும். போக இடமில்லாமல் "வீட்டை விட்டுப் போவன்" எண்டு மூண்டு தரம் சொன்னால் நாலாம் தரம் ஆரும் நம்பமாட்டினம், சொன்னவளும் நம்பமாட்டாள். "ஏசத் தொடங்கினால் அந்த இடத்தில இருந்து எழும்பிப் போவன், ஆறின பிறகுதான் கதைப்பன்" எண்டது சின்ன விசயம். ஆனால் ஒவ்வொரு தரமும் செய்யலாம். செய்யச் செய்யத்தான் சொல்லுக்குப் பாரம் வரும்.

பாலைப்பழம்

பூவரசு அக்கா, காதல் எண்டால் பழகிப் பார்க்கலாம். பேச்சுக்கலியாணத்தில பெரியாக்கள் கூடத்தில இருப்பினம், பெடியனோட தனியக் கதைக்க இருபது நிமிசம் கிடைச்சால் பெரிசு. அதுக்குள்ள இந்த அஞ்சையும் எப்பிடிக் கேட்கிறது? விசாரணை மாதிரிப் போயிடாதோ?

பூவரசு

தங்கச்சி, நல்ல கேள்வி. "ஓம், இல்லை" எண்டு மறுமொழி வாற கேள்வி எல்லாம் வீண். "குடிப்பீங்களோ?" எண்டால் நூறு பேரில நூறு பேரும் "இல்லை, எப்பவாவது" எண்டுதான் சொல்லுவினம். நடந்ததைச் சொல்ல வைக்கிற கேள்வியாக் கேளுங்கோ.

"போன பெரும்போகத்தில வயல் செலவுக்குக் காசு எங்கால எடுத்தீங்கள்?" இதுக்கு வாற பதிலில கடன், அடகு, கூட்டுக்காரர், கணக்கு வைக்கிற பழக்கம் எல்லாம் வெளியில வரும். சம்பளக்காரர் எண்டால் "சம்பளம் வந்த உடன முதல் எதுக்குப் போகும்?" எண்டு கேளுங்கோ.

"உங்கட வீட்டில கடைசியா என்ன விசயத்துக்குச் சண்டை வந்தது, எப்பிடி முடிஞ்சது?" எண்டும் கேட்கலாம். சண்டையே வராது எண்டு சொல்லுறவரை விட, வந்தது, பிறகு இப்பிடிக் கதைச்சம் எண்டு சொல்லுறவர் பரவாயில்லை.

"நான் வேலையைத் தொடர்ந்து செய்யப்போறன். பின்னேரம் ஆறரைக்குத்தான் வீட்ட வருவன். அந்த நேரம் அடுப்படியில ஆர் நிப்பினம்?" இது கேள்வி மாதிரி இருந்தாலும் ஒரு அறிவித்தல். "வேலை செய்யலாமோ?" எண்டு கேட்டால் அனுமதி குடுக்கிற இடத்தில அவரை நீங்களே இருத்திவிடுறீங்கள்.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுதான் கஷ்டமான பகுதி. பதில் வரப் பிந்தினால் நாங்கள் அந்தரப்பட்டு, "இல்லை, பரவாயில்லை, நான் சும்மா கேட்டனான்" எண்டு கேள்வியைத் திருப்பி எடுத்துப்போடுவம். எடுக்காதேங்கோ. பத்து எண்ணுற மட்டும் பொறுங்கோ. பதிலை விட, கேள்வி கேட்ட பெண்ணை அவர் பார்க்கிற பார்வை கனக்கச் சொல்லும். சினந்தாரோ, சிரிச்சு மழுப்பினாரோ, தகப்பனின்ர முகத்தைப் பார்த்தாரோ எண்டு கவனியுங்கோ.

ஒரு சந்திப்பில முடிவு சொல்ல வேண்டாம். "இன்னொருக்கால் கதைக்க வேணும்" எண்டு கேளுங்கோ. அந்த ஒரு கோரிக்கைக்கே முகம் சுழிக்கிற குடும்பம், பிறகு வரப்போற எல்லாத்துக்கும் இப்பவே பதில் சொல்லிப்போட்டுது.

கனகராயன்

எழுத்து பற்றி ஒரு விடயம். இதில்தான் எங்கள் பகுதிப் பெண்கள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள்.

எழுத்து என்பது நிச்சயதார்த்தம் அல்ல. பதிவாளர் முன் கையெழுத்து வைத்த நிமிடத்தோடு சட்டப்படி கலியாணம் முடிந்துவிட்டது. தாலி கட்டவில்லை, சேர்ந்து வாழவில்லை என்பது கணக்கில்லை. பிறகு மனம் மாறினால் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இலங்கையின் பொதுத் திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: பிறர்மனை உறவு, தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமண நேரத்திலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக்குறைவு. "இருவருக்கும் சரிவரவில்லை" என்று சேர்ந்து கேட்டால் மட்டும் கிடைக்காது. ஆகவே "விசாவுக்காக எழுத்தை மட்டும் இப்ப முடிப்பம், கலியாணத்தைப் பிறகு பார்ப்பம்" என்று யாராவது அவசரப்படுத்தினால், முழுக் கலியாணத்துக்கும் சம்மதிக்கிறேனா என்று உங்களைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

வழமையான முறையில் அறிவித்தல் கொடுத்து 12 நாள் போக வேண்டும். விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தால் அந்த 12 நாளும் இல்லை. பயண அவசரம் உண்மையாக இருந்தால் சரி. வேறு காரணமில்லாமல் விசேட அனுமதி கேட்டால், ஏன் என்று கேளுங்கள். அந்த 12 நாள் ஆட்சேபனை தெரிவிக்க இருக்கிற காலம். முதல் மனைவி ஒருத்தி இருந்தால் அப்போதுதான் தெரியவரும்.

அடுத்தது காணி. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டங்களில் கன காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி. அதைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் நொத்தாரிசிடம் போய்ச் சீதன உறுதி எழுத முடியாது. எழுதினாலும் செல்லாது. "இரண்டு ஏக்கர் வயல் சீதனம்" என்று வாயால் சொல்லிக் கலியாணம் முடித்து, பிறகு அது தமையனின் பெயரில் பின்னுரித்து (அனுமதிப்பத்திரகாரருக்குப் பின் காணியைப் பெறும் உரிமை) ஆகிவிட்டது என்ற பிணக்குகள் நிறைய வருகின்றன. கலியாணத்துக்கு முன்பே பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போய், அனுமதிப்பத்திரம் யார் பெயரில், பின்னுரித்தாளராக யார் குறிக்கப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். பின்னுரித்தாளர் குறிக்கப்படாத இடத்தில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கு 2022 திருத்தத்தோடு மாறிவிட்டது. "பெட்டைக்குப் பேமிற் காணி போகாது" என்று இன்றும் சொல்கிறவர்களுக்கு அதைச் சொல்லலாம்.

உறுதிக் காணி (சொந்த உறுதிப்பத்திரம் உள்ள காணி) என்றால், உறுதியில் பெண்ணின் பெயர் மட்டும் வரட்டும். "மருமகனுடைய பெயரையும் போடுங்கோ" என்பதற்கு இணங்கினால் பாதி அவருடையது. தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. காரணமில்லாமல் மறுத்தால், அல்லது ஆளே இல்லை என்றால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். இது அநீதியான விதி என்பது என் தெளிவான கருத்து. ஆனால் இருக்கிற வரைக்கும் தெரிந்துகொண்டுதான் நடக்க வேண்டும்.

மருதநிலம்

வாசிச்சுக்கொண்டு வாறன். கோபிக்காதேங்கோ, ஒரு தாயின்ர பக்கத்தில இருந்து கேட்கிறன். இப்பிடிக் கொப்பி எழுதி, காணிக் கந்தோருக்குப் போய், கேள்வி கேட்டு... இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடக்குமோ? சனம் "வாய்க்காரி" எண்டு பேர் வைச்சால் தங்கச்சிமாரின்ர சம்பந்தமும் எல்லோ பாதிக்கும்?

பூவரசு

அம்மா, உங்கட பயம் நியாயமானது. சில சம்பந்தம் குழம்பும்தான், அதை மறைக்க ஏலாது. எது குழம்பும் எண்டதைப் பாருங்கோ. கடன் எவ்வளவு எண்டு கேட்டதால குழம்பின சம்பந்தம், கடனை மறைக்க இருந்த சம்பந்தம். அது எழுத்துக்கு முதல் குழம்பினால் செலவு தேத்தண்ணியும் பலகாரமும். எழுத்துக்குப் பிறகு குழம்பினால் நகை, காணி, ஒரு பிள்ளை, நீதிமன்றத்துக்கு அலையிற வருசங்கள்.

பேர் கெடாமல் கேட்க வழி இருக்கு. எல்லாத்தையும் பிள்ளை கேட்கத் தேவையில்லை. கடன், முந்தின எழுத்து, குடி இந்த மூண்டையும் தாய்மாமனோ பெரியப்பாவோ தரகருக்கூடாக முதல் நாளே கேட்கட்டும். வேலை, காசு, வீட்டுப் பழக்கம் இதுகளைப் பிள்ளை கேட்கட்டும். "எங்கட பக்கக் கடனையும் சொல்லுறம், உங்கட பக்கத்தையும் சொல்லுங்கோ" எண்டு தொடங்கினால் ஆரும் விசாரணை எண்டு நினையாயினம். நாங்கள் மறைச்சுக்கொண்டு அவையிட்டைக் கேட்கிறதும் சரியில்லைத்தானே.

குளக்கட்டு

காசு விசயத்துக்கு நான் வாறன். அடியை விட முதல் காசில்தான் கட்டுப்பாடு தொடங்கும், அது கன பேருக்குத் தெரியிறதில்லை.

ஆடைத் தொழிற்சாலைக்குப் போற பிள்ளையளைப் பாருங்கோ. சம்பளம் அவளின்ர பேரில வங்கிக்கு வரும். அட்டை புருசனின்ர பேர்சுக்குள்ள. இரகசிய இலக்கம் அட்டை உறையின்ர பின்பக்கத்தில பேனையால எழுதிக் கிடக்கும். பஸ் காசுக்கு விடிய விடியக் கை நீட்ட வேணும். கேட்டால் "அவர்தான் ரவுணுக்குப் போறவர், சுகம்" எண்டு சொல்லுவாள். ஆறு மாசத்தில அந்தச் சுகம் உரிமையா மாறிடும்.

என்ர ஒழுங்கு இதுதான். சம்பளக் கணக்கு தனி, அட்டையும் இலக்கமும் அவளிட்ட. வீட்டுச் செலவுக்கு ரெண்டு பேரும் வருமானத்தின்ர அளவுக்கு ஏற்ற மாதிரிப் போடுறது. அவர் 60,000, அவள் 40,000 உழைச்சு, வீட்டுச் செலவு 50,000 எண்டால் அவர் 30,000, அவள் 20,000. "சரிபாதி" எண்டு 25,000 கேட்டால் குறைய உழைக்கிறவள்தான் நசிவாள். சமையல், பிள்ளை, கிணத்துத் தண்ணி எல்லாம் அவளின்ர தலையில எண்டால் அதையும் கணக்கில எடுக்க வேணும்.

நகை. பெரும்போகம் விதைக்க ஐப்பசி, கார்த்திகையில நகை அடகுக்குப் போறதும், மாசி, பங்குனியில வெட்டிப்போட்டு மீட்கிறதும் எங்கட இடத்தில வழமை. அதில பிழை இல்லை. பிழை வாறது, அடகு அவரின்ர பேரில வைக்கேக்க. மீட்கேக்க நகை அவரின்ர கைக்குத்தான் போகும், இல்லாட்டி மறு அடகுக்குப் போகும். அடகு அவளின்ர பேரில, அவள் நேரில போய் வைக்க வேணும். பற்றுச்சீட்டு அவளிட்ட. என்ன நகை, எத்தினை கிராம், எவ்வளவு காசு, தவணைத் திகதி எண்டு கொப்பியில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. நெல்லு வித்த காசில முதல் மீட்பு, பிறகுதான் மற்றது. தாலிக்கொடியைக் கேட்டால்? அது அவளின்ர முடிவு. "குடுக்காட்டிப் பாசமில்லை" எண்டு சொல்லுற இடத்தில பதில் "இல்லை" எண்டதுதான்.

குழுக்கடன். இதைக் கொஞ்சம் கவனமா வாசியுங்கோ. நுண்கடன் கொம்பனியள் பெண்களுக்குத்தான் குடுக்கிறவை. அதால புருசன், தமையன், காதலிக்கிற பெடியன் கூட "உன்ர பேரில எடுத்துத் தா, கிழமைக் கிழமை நான் கட்டுறன்" எண்டு வருவினம். கையெழுத்து வைச்சவள்தான் கடன்காரி. கட்டாட்டிக் குழுவில இருக்கிற மற்றப் பெண்கள் அவளின்ர வாசலில வந்து நிப்பினம். ஆள் தவணையைக் குழப்பினால் அதை அடைக்க ரெண்டாவது கொம்பனி, அதை அடைக்க மூண்டாவது. 2018 இல அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில பெண்களின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனுக்கு நிவாரணம் குடுக்கிற அளவுக்கு அந்தச் சுழி போனது. "என்ர பேரில மற்ற ஆளுக்குக் கடன் எடுக்கமாட்டன்" எண்டதை விட்டுக்குடுக்க ஏலாத பக்கத்தில முதலாவதா எழுதுங்கோ. கேட்கிறவருக்கு விளக்கம் வேண்டாம். "நான் ஆருக்கும் எடுத்துக் குடுக்கிறதில்லை" எண்டது போதும். காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிட்ட ஒரு பதில் இருக்கும்.

கருநாவல்

குளக்கட்டு சொன்ன தனிக்கணக்கில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. வீட்டில் இருக்கிற, சம்பளம் இல்லாத பெண்ணுக்கு அது பொருந்தாது. அவளுக்குக் கூட்டுக் கணக்குத்தான் பாதுகாப்பு. ஆனால் கணக்குத் திறக்கிற படிவத்தில் "இருவரில் எவரும்" என்று இருந்தால் அவர் தனியே முழுவதையும் எடுக்கலாம். "இருவரும் சேர்ந்து" என்று இருந்தால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். சேமிப்புக்கு இரண்டாவது, அன்றாடச் செலவுக்கு முதலாவது. இதைக் கணக்குத் திறக்கிற நாளிலேயே சொல்ல வேண்டும்.

குளக்கட்டு

சரி, ஒத்துக்கொள்ளுறன். கோழி, ஆடு, தையல், வீட்டுத்தோட்டம் எண்டு சின்ன வரும்படி இருந்தால் அதுக்கும் அவளின்ர பேரில ஒரு புத்தகம் தனிய இருக்கட்டும். ஆயிரம் ரூபாவோட தொடங்கலாம்.

வட்டுவாகல்

வெளிநாட்டு மாப்பிள்ளை பற்றி ஆரும் எழுதேல்லை. போனிலேயே ஒரு வருசம் கதைச்சு, எழுத்துக்கு மட்டும் வந்து போறவை. அவையிட்டக் கேட்க வேண்டியது "எவ்வளவு உழைக்கிறீங்கள்?" இல்லை. "என்ன நிலையில நிக்கிறீங்கள், அந்த நிலையில என்னைக் கூப்பிட ஏலுமோ?" எண்டதுதான்.

லண்டன் எண்டால், பிரஜையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர் மனைவியைக் கூப்பிட ஆண்டு வருமானம் 29,000 பவுண் காட்ட வேணும். 2024 சித்திரையில இருந்து இதுதான் அளவு, அதுக்கு முன்னம் 18,600. கனடா எண்டால், அவரே முன்னம் ஒரு மனைவியின்ர ஸ்பொன்சரில போனவர் எண்டால், நிரந்தர வதிவிடம் கிடைச்சு அஞ்சு வருசம் முடியாமல் புது மனைவியை ஸ்பொன்சர் பண்ண ஏலாது. அகதி வழக்கு முடியாமல் நிக்கிறவர் எங்கையும் இப்பவே கூப்பிட ஏலாது. "ஆறு மாசத்தில எடுப்பன்" எண்டு சொன்னால், எந்த அடிப்படையில எண்டு கேட்டு, வதிவிட அட்டையின்ர படத்தையும் முந்தின விவாகரத்துத் தீர்ப்பின்ர பிரதியையும் கேளுங்கோ. "விவாகரத்து நடந்துகொண்டிருக்கு" எண்டால் அது முடியட்டும். முடியாமல் செய்யிற எழுத்து செல்லுபடியாகாது.

இன்னொண்டு. எழுத்துக்குப் பிறகு காத்திருக்கிற வருசங்களில "வேலைக்குப் போகாதை, ஆக்களோட கதையாதை, இருக்கிற இடத்தை லைவ்வா அனுப்பு" எண்டு அங்கையிருந்து ஓடர் வரும். கன குடும்பம் இதைப் பாசம் எண்டு நினைக்குது. காத்திருக்கிற காலத்தில பெண் படிப்பையும் உழைப்பையும் விடக்கூடாது. விசா மறுக்கப்பட்டால் மூண்டு வருச வயசும் ஒரு வேலையும்தான் கையில இருந்து போயிருக்கும்.

பாலைப்பழம்

லைவ் லொகேசன் எண்டு நீங்கள் சொன்ன உடன கேட்க வேணும் போல இருந்தது. போன் கடவுச்சொல் கேட்கிறது, படம் அனுப்பச் சொல்லுறது எல்லாம் இப்ப பள்ளிக்கூட வயசிலேயே இருக்கு. பாசத்தையும் கட்டுப்பாட்டையும் பிரிச்சுப் பார்க்கிறது எப்பிடி?

கருநாவல்

ஒரு சின்ன "இல்லை" சொல்லிப் பாருங்கள். பெரிய விடயத்தில் வேண்டாம். "இண்டைக்கு இரவு கதைக்க ஏலாது, நித்திரை வருது." "அந்தப் படத்தை அனுப்பமாட்டன்." மனம் நொந்தாலும் விட்டுவிடுகிறவர் ஒரு வகை. மூன்று நாள் கதைக்காமல் தண்டிப்பது, "அப்ப வேற ஆரோடையோ கதைக்கிறாய்" என்பது, கையை வெட்டிக்கொள்ளுவேன் என்று வெருட்டுவது மற்ற வகை. இந்தச் சோதனை உறவின் முதல் இரண்டு, மூன்று மாதத்துக்குள் நடக்க வேண்டும். பிந்தினால் பழகிவிடும்.

தற்கொலை மிரட்டல் வந்தால், அதைத் தனியே சுமக்காதீர்கள். அவருடைய வீட்டாருக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள், 1926 தேசிய மனநல உதவி இலக்கத்தைக் கொடுங்கள். அதற்காக உறவில் தொடர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

படம் ஏற்கெனவே போய்விட்டதென்றால்: வெட்கத்தில் உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. இலக்கம், திகதி, மிரட்டல் வசனம் மூன்றும் தெரியத் திரைப்பிரதி எடுங்கள். பிறகுதான் தடை செய்யுங்கள். காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரண்டாவது தரம் கேட்பார். 18 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் ஸ்டொப்-என்சிஐஐ என்ற இணையத்தளம் இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமல், உங்கள் போனிலேயே அதற்கொரு எண் அடையாளம் உருவாக்கி, இணைந்திருக்கிற சமூக வலைத்தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்க அது உதவும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1929. மிரட்டியவர்தான் குற்றவாளி. படம் அனுப்பியது அவளுடைய பெறுமதியில் ஒரு தூசியளவும் குறைக்காது. இதைப் பெற்றோர் வாயால் சொன்னால் பாதி மிரட்டல் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

பூவரசு

காணாமல் போனவரின்ர மனைவிமார் பற்றியும் எழுத வேணும். பதினைஞ்சு வருசத்துக்கு மேல தனியப் பிள்ளை வளர்த்த பெண், இன்னொரு துணையைத் தேடினால் ஊர் ஒரு கதை. தேடாமல் இருந்தால் இரவில கதவு தட்டுற ஆக்கள். ரெண்டிலயும் "உனக்கு இதுவே பெரிசு" எண்டதுதான் விலை. மறைவில வந்து போற ஆம்பிளையை ஏத்துக்கொள், பகலில கேள்வி கேளாதை எண்டு.

கனகராயன் அண்ணை சட்டத்தைச் சொல்லட்டும். அளவுகோல் பற்றி என்ர பக்கம் மூண்டு சொல்லுறன். வாறவர் பகலில, முன் படலையால வரவேணும். ரெண்டாவது, பிள்ளைகள். "உன்னை மட்டும் பார்ப்பன், பிள்ளையளை அம்மாவிட்ட விடு" எண்டது பேரமே இல்லை. பெண் பிள்ளை இருந்தால், அவரையும் பிள்ளையையும் தனிய விட்டுப்போட்டுப் போற நிலை வராத மாதிரி முதலே ஒழுங்கு செய்ய வேணும், ஆள் எவ்வளவு நல்லவர் எண்டாலும். மூண்டாவது, தேடுறது. 2017 மாசி 20 இல கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில காணாமல் ஆக்கப்பட்டோரின்ர உறவுகள் தொடங்கின போராட்டத்தில இருக்கிற பெண்கள் எத்தினை பேர்! "இனி அங்க போகாதை, அந்தப் படத்தைச் சுவரில இருந்து கழட்டு" எண்டு கேட்கிறவருக்கு, அந்தத் தேடல் தன்ர வாழ்க்கையின்ர ஒரு பகுதி எண்டு சொல்ல அவளுக்கு முழு உரிமை இருக்கு. புதுத் துணையை விரும்புறதும் பழையவரைத் தேடுறதும் ஒரே நெஞ்சுக்குள்ள இருக்கலாம்.

கனகராயன்

சட்டப்படி: மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் 2016 திருத்தத்தோடு வந்த, காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் சொத்து, கொடுப்பனவு, பிள்ளைகளின் அலுவல்களுக்கு உதவும். ஆனால் அது கலியாணத்தை முடிக்காது. மறுமணம் பதியப் பதிவாளர் மரணச் சான்றிதழோ விவாகரத்துத் தீர்ப்போ கேட்பார். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத பெண்ணை யாரும் தள்ளக்கூடாது. அவள் பதிவில்லாமல் ஒருவரோடு வாழ முடிவெடுத்தால், எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் (பராமரிப்புச் செலவு) சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் காக்கும், நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் வர இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். பிள்ளை பிறந்த உடனேயே அதைச் செய்விக்க வேண்டும், "பிறகு பார்ப்பம்" கூடாது. அவளுக்கான தாபரிப்பும், அவர் இறந்தால் உரித்தும், பதிவில்லாமல் மிகவும் கடினம்.

வேலைக்கு வந்து வன்னியில் நிற்கிற வெளி மாவட்டக்காரர் என்றால், அடையாள அட்டையில் உள்ள முகவரியைப் பார்த்து, அந்தக் கிராம அலுவலரிடமும் அங்குள்ள அயலிடமும் குடும்ப நிலையை விசாரியுங்கள். விதானையாரின் (கிராம அலுவலரின்) வதிவிடச் சான்றிதழ் மட்டும் மணமாகாதவர் என்பதற்கு உறுதியல்ல.

மருதநிலம்

எல்லாம் முதலே பார்த்துச் செய்தும், பிறகு அடி தொடங்கினால்? அப்பவும் கொப்பியில எழுதினதை எடுத்துக் கதைக்கிறதோ?

கருநாவல்

இல்லை அம்மா. அடிக்கிறவரிடம் "இனி அடித்தால் நான் போய்விடுவேன்" என்று அறிவிப்பதே ஆபத்து. பிரியப் போகிறாள் என்று தெரிகிற நேரத்தில்தான் வன்முறை கூடுவது வழமை. அந்தக் கட்டத்தில் சொல்லாமல் ஆயத்தம் செய்ய வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, காணிப் பத்திரப் பிரதி, கிளினிக் கொப்பி: இவற்றின் பிரதிகளை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். மாதர் சங்கத் தலைவியோ பிள்ளையின் ஆசிரியரோ, இருவருக்காவது விடயம் தெரிந்திருக்கட்டும்.

காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. "விழுந்தனான்" என்று சொன்னால் அட்டையில் அதுதான் பதியப்படும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. சட்ட வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். 1938 மகளிர் உதவி இலக்கம் 24 மணித்தியாலமும் இருக்கிறது, தமிழில் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

கனகராயன்

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் நேரடியாகவும் கேட்கலாம், அவருக்காகப் பொலிசும் கேட்கலாம். கணவன் மட்டுமல்ல, முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்கிறவர், மாமியார் எல்லோரும் இதற்குள் வருவர். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை, நீடிக்கவும் கேட்கலாம். அடி மட்டுமல்ல, தொடர்ந்து கேவலப்படுத்துகிற கடுமையான மனவதையும் இதற்குள் அடங்கும். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபா வரை தண்டம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு.

மருதநிலம்

பொலிசில "குடும்பப் பிரச்சினை, சமாதானமாப் போங்கோ" எண்டு திருப்பி அனுப்பினால்?

கருநாவல்

சமாதானம் வேண்டுமா என்பது அவளுடைய முடிவு, மேசைக்கு அங்கால் இருக்கிறவருடையது அல்ல. தனியப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிறுவர் மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வடக்கில் அது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விடுபட்டதைச் சேர்ப்பித்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். எழுத மறுத்தால், மறுத்தவரின் பதவி, நேரம் இரண்டையும் குறித்து, 1938 க்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். நீதவான் நீதிமன்றத்துக்கு நேரே போகப் பொலிசின் அனுமதி தேவையில்லை, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

மருதநிலம்

நன்றி பிள்ளையள். காணிக் கந்தோரில கேட்கிறதுக்கு அனுமதிப்பத்திர இலக்கம் கட்டாயம் வேணுமோ? மூலப்பத்திரம் இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுற வீடுகள்தான் கன.

கனகராயன்

இருந்தால் சுகம். இல்லாவிட்டால் அனுமதிப்பத்திரகாரரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், குடியேற்றத் திட்டத்தின் பெயர், காணித்துண்டு இலக்கம் இவற்றோடு போங்கள். பேரேட்டில் தேடுவார்கள். பெயர் கிடைத்ததும் பின்னுரித்தாளர் பகுதியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள், அது வேறு பக்கத்தில் இருக்கலாம். அனுமதிப்பத்திரகாரர் உயிரோடு இருந்தால் அவரையும் கூட்டிப் போவது நல்லது. பின்னுரித்தாளரைக் குறிக்கிறதோ மாற்றுகிறதோ அவர் கையெழுத்தோடுதான்.